பத்து மணிக்கு முன்னால் பள்ளத்துக்கு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கெல்லாம் வானம் கறுத்துவிட்டது. நான் கணக்கு எழுதும் எண்ணெய் ஆலையின் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஓடி ஓடிக் குவித்தார்கள். நானும் பேரேட்டை மூடி வைத்துவிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். காங்கயத்துக்காரர்களுக்கு இந்த ஓட்டம் புதிதல்ல. மழை விழுந்தால் களத்துக்கு இரண்டு நாள் வேலை கெடும். அதைச் சொல்லி எல்லாரும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் மட்டும் பள்ளத்துக்குப் போய்விட்டது. ஐப்பசி பிறந்ததிலிருந்து விட்டுவிட்டுப் பெய்கிறது. விதைகள் முளைத்துச் செடியாகிவிட்டன, கிழங்குகள் தளிர்விட்டுக் கொடியாகிவிட்டன. இன்றிரவும் பெய்து நாளைக்கு வெயில் அடித்தால் கரை முழுக்கப் பூத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "காலையில் ஆறு மணிக்குப் பாப்பாவை எழுப்பி நிறுத்து. நான் வந்து கூட்டிப் போகிறேன்." அவன் மகள் எட்டாவது படிக்கிறாள். இரண்டு வருடமாக என்னையும் கூட்டிப் போங்கள் அத்தை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போன வருடம் பரீட்சை, அதற்கு முந்தின வருடம் காய்ச்சல். இந்த முறை விடக்கூடாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஓடையைப் பள்ளம் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் போகிற பள்ளத்துக்கு வேறு பெயர் கிடையாது. காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், ஊதியூர் மலை நீலமாகத் தெரிகிற தூரத்தில், சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு தரைப்பாலம் வரும். அங்கிருந்து மேல்பக்கமாகக் கரையோரம் நடந்தால் கன்னிமார் கோயில். இடையில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. சும்மா நடந்தால் அரை மணி நேரம். நாங்கள் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது.

வருடத்தில் பத்து மாதம் அந்தப் பள்ளத்தில் மணல்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிற நாடு இது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும், மழை வராது. வாழ்வு ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு செடி முளைத்து, பூத்து, காய்த்து, விதையை மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவு அவசரம் இருந்தும் இவை பூக்கிற நேரத்தில் துளி அவசரம் கிடையாது. காலையில் பூப்பது காலையில்தான் பூக்கும், மாலையில் பூப்பதை மதியம் போய் எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காது. பள்ளத்துக்குப் போய்விட்டு வந்து "அங்கே ஒன்றுமே இல்லையே" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் பதினோரு மணிக்குமேல் போனவர்கள்.

ஏழு மணிக்குத் தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், செந்நிறமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆட்காட்டிக் குருவி ஒன்று எங்களைப் பார்த்ததும் ஊரைக் கூட்டியது. இரண்டு பக்கமும் நொச்சி. ஈர இலைகளின் வாசனை மூக்கில் ஏறியது. ஊதா நிறப் பூக்கள் நுனியில் கொத்தாக நின்றன. கரைச் சேற்றில் நீர்முள்ளி. கணுவுக்குக் கணு முள், முள்ளுக்கு நடுவே கத்திரிப்பூ நிறத்தில் பூ. பாப்பா கையை நீட்டிவிட்டு முள் குத்தியதும் இழுத்துக்கொண்டாள். காலடியில் பொடுதலை பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. அமுச்சி, என் அம்மாவைப் பெற்றவள், இதைத்தான் அரைத்து எண்ணெய் காய்ச்சிப் பொடுகுக்குத் தேய்ப்பாள். அதைச் சொன்னதும் பாப்பா குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

அமுச்சியோடுதான் நான் முதலில் இந்தக் கரைக்கு வந்தேன். அவளுக்கு எட்டு ஆடுகள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான்தான் குட்டிகளை விரட்டுவேன். அவள் எதற்கும் தனியாக நின்று பாடம் சொன்னதில்லை. ஆடு ஒரு செடியை மேய்ந்தால் அதன் பெயரைச் சொல்வாள், மேயாமல் விட்டால் அதற்கும் ஒரு பெயர் சொல்வாள். எனக்குத் தெரிந்த பெயர்களில் பாதி அப்படி வந்தவை. அவள் காலத்துக்குப் பிறகு பெயர்கள் என்னைவிட்டுப் போய்விடுமோ என்று, அவள் இருக்கும்போதே பயந்து, 2015-இல் ஆலையில் மிஞ்சிய ஒரு நீளப் பேரேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். தேதி, நேரம், இடம், பூ, எத்தனை. வரவு செலவு எழுதுகிற கைக்கு அது சுலபமாக வந்தது.

பாலத்தைத் தாண்டினதும் கரை மேடாகிறது. செம்மண்ணும் வெங்கச்சங்கல்லும் கலந்த தரை. இங்கேதான் குனிந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். நின்றபடி பார்த்தால் வெறும் புல். மண்டியிட்டுப் பார்த்தால் விஷ்ணுகிராந்தி. சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பூ, ஆனால் அந்த நீலத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். சாம்பல் பூத்த இலை, மெல்லிய பட்டு மயிர், தரையோடு தரையாக நாலு பக்கமும் கிளை. காலை வெயில் பட்டதும் விரியும், உச்சிக்குள் சுருண்டுவிடும். அன்றைக்கு மூன்று முழ அகலத்துக்கு ஒரே திட்டாகப் பூத்திருந்தது. அதன் ஓரத்தில் ஓரிதழ் தாமரை. ஐந்து இதழில் ஒன்று மட்டும் பெரிதாகி இளஞ்சிவப்பில் நாக்கு நீட்டும், மற்ற நாலும் கண்ணுக்கே தெரியாது. பெயர் வைத்தவர் யாரோ நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். வழியின் நடுவில் நெருஞ்சி. மஞ்சள் முகம் எல்லாம் கிழக்கே திரும்பி இருந்தன. செருப்பு இல்லாமல் இங்கே ஓர் அடி வைக்க முடியாது. ஆனாலும் அதன் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

"அத்தை, இங்கே யாரோ தோண்டியிருக்கிறார்கள்" என்று பாப்பா கூப்பிட்டாள். மயில் கிளறியிருந்தது. எங்கள் பக்கத்தில் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. கிளறிய இடத்தில் ஒரு கானாம்வாழை வேரோடு புரண்டு கிடந்தது. மேலே நீலப் பூ இரண்டு திறந்திருந்தன. கானாம்வாழை எல்லாருக்கும் தெரிந்த செடி. தோட்டத்தில் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவார்கள், மாடு ஆசையாகத் தின்னும். நான் அதைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்து மண்ணை உதறினேன். வேர்களுக்கு இடையில் வெளுத்த தண்டுகள் கீழ்நோக்கிப் போயிருந்தன. அவற்றின் முனையில் சின்னச் சின்ன வெளிர் முடிச்சுகள்.

"இது என்ன தெரிகிறதா?"

"வேர்."

"பூ."

அவள் நம்பவில்லை. உண்மையாகவே அவை பூக்கள். கானாம்வாழை மண்ணுக்கு மேலே ஒரு வகைப் பூ பூக்கும், மண்ணுக்குள் வேறொரு வகை பூக்கும். உள்ளே பூப்பது திறக்கவே திறக்காது. தேனீ வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், மொட்டுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து விதையாகிவிடும். மேலே விளைகிற விதைகள் நிறைய, ஆனால் சின்னவை. கீழே விளைகிறவை கொஞ்சம், ஆனால் பெரியவை. ஆடு மேய்ந்தாலும், வெயில் காய்ந்தாலும், மேலே உள்ளது முழுக்கப் போனாலும், கீழே ஒரு பங்கு இருக்கிறது. குடியானவர் வீட்டில் விதைத் தானியத்தைக் குதிருக்குள் தனியாக வைப்பார்களே, அதுதான். ஒரு முடிச்சைப் பிரித்துக் காட்டினேன். பாப்பா வெகுநேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் செடியை வாங்கி, மயில் கிளறிய குழியிலேயே வைத்து, கையால் மண்ணைத் தள்ளி மூடினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

இதற்கு மேல் பள்ளத்தின் இடது கை ஓரம் கொறங்காடு தொடங்குகிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்பது தரிசு அல்ல. கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரங்களும் சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலியும் உள்ள மேய்ச்சல் காடு. ஒரு காட்டை மேய்த்து முடித்ததும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றி, இதைத் தழைய விடுவார்கள். காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. அந்தக் கிளுவை வேலிதான் இந்த நடையில் எனக்கு மிகப் பிடித்த இடம். உழுபடை படாத, மாட்டு வாய் எட்டாத அந்த ஒரு முழ அகலத்தில் எத்தனையோ உயிர் ஒதுங்கியிருக்கிறது. பிரண்டை, முடக்கத்தான், கோவை, சங்குப்பூ. அடியில் கள்ளிமுளையான். ஆடு மேய்ப்பவர்கள் அதை ஒடித்துத் தோல் சீவி மெல்லுவார்கள், தாகம் அடங்கும் என்பார்கள்.

அப்புறம் செங்காந்தள்.

பாப்பாதான் முதலில் பார்த்தாள். வேலிக்கு மேலே, கண்மட்டத்துக்கு, ஏழெட்டுப் பூ. கூட வந்தவளிடம் எதுவும் சொல்லாமல் அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நான் வேகத்தைக் குறைத்திருந்தேன். அவள் ஓடினாள். ஆறு இதழும் பின்னோக்கி வளைந்து, ஓரம் அலையலையாக, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக. அன்றைக்கு விரிந்தது மஞ்சள் கூடியிருக்கும். நாள் ஆக ஆகச் சிவப்பு கீழே இறங்கி முழுதும் பற்றிக்கொள்ளும். ஒரே கொடியில் எல்லாப் பருவமும் இருந்தன. கொடிக்கு என்று தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று பள்ளியில் படித்ததை அவள் சொன்னாள். படத்தில்தான் பார்த்திருக்கிறாளாம். இவ்வளவு பக்கத்தில் ஊர் இருந்தும் பதின்மூன்று வயதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறாள் என்பது என் நெஞ்சில் தைத்தது.

"தொட்டுப் பார்க்கலாமா?"

"பார். வாயில் மட்டும் வைத்துவிடாதே. வேர் முதல் பூ வரை விஷம். தொட்டால் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்."

எங்கள் ஊரில் காந்தள் என்றால் யாருக்கும் புரியாது, கண்வலிக்கிழங்கு என்றால்தான் புரியும். மூலனூர், தாராபுரம் பக்கம் ஏக்கர் கணக்கில் இதைப் பயிர் செய்கிறார்கள். விதையில் கொல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது. கீல்வாத மருந்துக்கு வெளிநாடு போகிறது. அங்கேயும் கொடி ஏறுவதற்கு முள்கிளுவைக் குச்சியைத்தான் நட்டு வைப்பார்கள். என் அம்மா இரண்டு பருவம் அந்தத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். விடிந்ததும் போக வேண்டும். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு கொடியின் பூவில் தொட்டு வைக்க வேண்டும். கையால் செய்யாவிட்டால் காய்ப்பு குறையும். காரணம் பூவிலேயே இருக்கிறது. நடுவில் உள்ள சூல்தண்டு நேராக நிற்காமல் செங்கோணத்தில் பக்கவாட்டில் விலகி நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழுந்துவிடாதபடி ஏற்பாடு. இந்த வேலியில் அந்த வேலையைத் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் செய்கின்றன. அம்மாவுக்குக் கடைசிவரை இந்தப் பூவைப் பார்த்தால் அழகு என்று தோன்றவில்லை, இடுப்புவலிதான் ஞாபகம் வரும் என்பாள். அதையும் பாப்பாவிடம் சொன்னேன். அவளுடைய அப்பாவைப் பெற்ற ஆத்தாவின் கை பட்ட பூ என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கிழங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கை விரித்த கலப்பை மாதிரி மண்ணுக்குள் கிடக்கும், கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால்தான். பூத்துக் காய்த்து முடிந்ததும் கொடி காய்ந்து இல்லாமலே போய்விடும். தை பிறந்த பிறகு வந்தால் இங்கே காந்தள் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் என் பேரேட்டில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கும் சேர்த்து நாலே வரி. ஆவாரம், எருக்கு, தும்பை கொஞ்சம், பூளை. வேலியில் ஒரு காந்தள் தளிர்கூட எழவில்லை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆண்டு ஆவணியில் இரண்டு மழை பெய்தது. அதே இடத்தில், ஒரு சாண் தள்ளிக்கூட இல்லை, பச்சை மூக்கு வெளியே வந்தது. அன்றைக்கு அந்த வேலியோரத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அமுச்சி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

விதைக் கிழங்குக்கு விலை ஏறுகிற காலத்தில் காட்டுக் கொடியைத் தோண்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பல வேலிகளில் அப்படித்தான் அது இல்லாமல் போனது. அதனால் இந்த வேலி எந்த ஊரில், யார் காட்டில் இருக்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. மன்னிக்க வேண்டும்.

ஒன்பது மணி வெயிலில் வண்ணத்துப்பூச்சிகள் எழும்பின. கொறங்காடு முடிகிற இடத்தில் கிலுகிலுப்பைச் செடிகள் இடுப்பளவு நிற்கின்றன. மஞ்சள் பூ, அவரைப் பூ சாயலில். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை உருண்டு கிலுகிலு என்று ஒலிக்கும். பூவை விட்டுவிட்டு வாடிய தண்டிலும் காய்ந்த இலையிலும் நீல வரியன் பூச்சிகள் ஐம்பதுக்கு மேல் மொய்த்திருந்தன. தேன் இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்று பாப்பா கேட்டாள். அவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். கிலுகிலுப்பையில் உள்ள ஒரு கசப்புச் சத்தை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. பெண் பூச்சியை ஈர்க்கிற வாசனையை அதிலிருந்துதான் உண்டாக்குகின்றன. பறவைக்கு அந்தக் கசப்பு பிடிக்காது என்பதால் பாதுகாப்பும் ஆகிறது. பக்கத்து எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் புழு, கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டைகளோடு, இலையைத் தின்றுகொண்டிருந்தது. எருக்கம்பால் நமக்கு ஆகாது, அதற்கு அதுதான் தாய்ப்பால்.

எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு பெரியவர் ஒருவர் வந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து அவரைத் தெரியும். "வந்துவிட்டாயா அம்மிணி? இந்த வருடம் மேலே நன்றாகப் பூத்திருக்கிறது. பார்த்துப் போ, கல்லுக்கு அடியில் சுருட்டை கிடக்கும்" என்றார். சுருட்டை விரியன் இந்தக் காய்ந்த கல்லாங்காட்டுப் பாம்பு. சின்னதுதான், விஷம் பெரிது. கையில் ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள், கல்லைப் புரட்டாதீர்கள், பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள். இவ்வளவும் செய்தால் பயப்பட வேண்டியதில்லை.

பத்தரைக்குக் கன்னிமார் கோயில் வந்து சேர்ந்தோம். கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை. பள்ளம் வளைகிற இடத்தில் ஒரு மேடை, அதன் மேல் மஞ்சள் பூசிய ஏழு கல். சுற்றிலும் புங்கன், வேம்பு, இலந்தை, அவற்றின் மேல் குன்றிமணிக் கொடி. எல்லாம் சேர்ந்தால் ஓர் ஏக்கர் இருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு ஊர்ப் பெண்கள் வந்து பூசை செய்வார்கள். மற்ற நாளில் வருவார் இல்லை. இங்கே அரிவாள் கொண்டுவரக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, செருப்போடு ஏறக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரென்று தெரியாது, மீறியவரையும் நான் பார்த்ததில்லை. வேலியோ பலகையோ காவலோ இல்லாமல் ஓர் ஏக்கர் நிலம் இத்தனை தலைமுறையாக நிற்கிறது. உள்ளே தரை மெத்தென்று இருந்தது. இலைச் சருகு மக்கிய கறுப்பு மண். தும்பை வெள்ளை வெளேரென்று பூத்து, ஒவ்வொரு பூவிலும் ஓர் எறும்பு. அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு ஒரு பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சக் கற்றுக்கொடுத்தேன். ஒன்றே ஒன்று. கன்னிமாரிடம் கேட்டுக்கொண்டுதான்.

இனி எழுதப்போவதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

தரைப்பாலத்துக்குக் கீழ்ப்பக்கமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 2023 சித்திரையில் பள்ளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு பொக்லைன் இறங்கியது. நோக்கம் நல்ல நோக்கம், அதை நான் மறுக்க மாட்டேன். சீமைக்கருவேலம் அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் இருந்தது. அது எடுக்கப்பட வேண்டிய மரம்தான். ஆனால் இயந்திரம் மரத்தை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு கரையையும் முழங்கால் ஆழத்துக்குச் சுரண்டி, சரிவு போட்டு, மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டது. நாலு நாளில் அரைக் கிலோமீட்டர் வழித்த தட்டு மாதிரி ஆனது. பார்த்தவர்கள் "இப்போதுதான் பள்ளம் பள்ளம் மாதிரி இருக்கிறது" என்று பாராட்டினார்கள். பிறகு கரையில் மரக்கன்று நட்டார்கள். கோடையில் அவற்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

அந்த வருட மழைக்கு அங்கே என்ன வரும் என்று பார்க்க வாரம் தவறாமல் போனேன். பார்த்தீனியம் வந்தது. சீமைக்கருவேலம் மறுபடியும் ஆயிரக்கணக்கில் முளைத்தது. விஷ்ணுகிராந்தி ஒன்று இல்லை. கானாம்வாழை இல்லை. காந்தள் நின்ற வேலியோடு கிழங்கும் லாரியில் ஏறிப் போயிருந்தது. பஞ்சத்தைத் தாங்கிய கிழங்கு அது. 2016-ஐத் தாண்டி வந்த கிழங்கு. பூ இருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற அந்த இரண்டு மாதத்தில் அல்ல. மீதிப் பத்து மாதமும் அது கரையின் மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள், விதையாகவும் கிழங்காகவும் இருக்கிறது. அந்த ஒரு சாணை எடுத்துவிட்டால் மேலே எத்தனை மழை பெய்தும் பயன் இல்லை.

அந்த நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை, கை நடுங்கியது. பேரேட்டை விரித்து, எட்டு வருடத்துக் கணக்கை வாசித்தேன். பாலத்துக்குக் கீழே எத்தனை வகை இருந்தது, இப்போது எத்தனை. மூன்று விஷயம் கேட்டேன். சீமைக்கருவேலத்தை ஆள் வைத்து வெட்டி வேரோடு பிடுங்குங்கள், கரையைச் சுரண்டாதீர்கள். தூர்வாருவதென்றால் பள்ளத்தின் நடு மணலோடு நிறுத்துங்கள், கரையின் மேல்மண்ணைத் தொடாதீர்கள். புல் உள்ள இடத்தில் குழி தோண்டி மரம் நடாதீர்கள், அது காலி இடம் அல்ல. சிலர் கேட்டார்கள், சிலர் பூவுக்காகவா என்றார்கள். ஆமாம், பூவுக்காகத்தான். பூ இருந்தால் தேனீ இருக்கும், தேனீ இருந்தால் முருங்கையும் சூரியகாந்தியும் காய்க்கும் என்றெல்லாம் சொல்லலாம், அதுவும் உண்மை. ஆனால் நான் கேட்டது விஷ்ணுகிராந்திக்காக. அது அங்கே இருந்தது, இருக்க வேண்டும்.

மேல்பக்கத்தை இதுவரை யாரும் தொடவில்லை. கடைசியில் ஆட்டுக்காரப் பெரியவர்தான் எழுந்து, கன்னிமாருக்குப் போகிற வழி அது, இயந்திரம் போகக்கூடாது என்றார். அவர் சொன்னது ஒரே வாக்கியம். என் எட்டு வருடக் கணக்கைவிட அது கூட்டத்தில் நின்றது. எது காப்பாற்றினாலும் எனக்குச் சம்மதம்.

கோயில் மேடைக்கு வெளியே புங்க நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தக்காளிச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தூக்குச் சட்டியில் மோர். பாப்பா பொங்கலைப் பற்றிக் கேட்டாள். காணும் பொங்கலன்று பூப்பறிக்கும் நோன்புக்கு அவள் ஊர்ப் பெண்களோடு போவாள். எங்கள் காலத்தில் காட்டுக்குள் வெகுதூரம் நடந்து, முறுக்கும் கரும்பும் தின்று, கும்மியடித்து, மடி நிறைய ஆவாரம்பூவோடு திரும்புவோம். இப்போது அவர்கள் ஊரில் பக்கத்தில் ஆவாரம் இல்லாததால் காப்புக்கட்டுக்கு வேண்டிய ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் சந்தையில் கட்டு பத்து ரூபாய் என்று வாங்கிவிடுகிறார்களாம். "இங்கே வந்து பறிக்கலாமே அத்தை" என்றாள். வரலாம். ஆவாரம் பறித்தால் குறையாத செடி, கிளையை ஒடிக்காமல் இருந்தால் போதும். வருகிற தையில் அவளுடைய தோழிகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது மதியம் இரண்டரை. காலையில் நீலமாக இருந்த கரை இப்போது பச்சையாக இருந்தது. விஷ்ணுகிராந்தி எல்லாம் மூடிவிட்டன. கானாம்வாழை சுருங்கி ஈரத் துணி மாதிரி தொங்கியது. பாப்பா நின்று நின்று பார்த்தாள், அதே இடம்தானா என்று இரண்டு முறை கேட்டாள். கிளுவை வேலியில் காந்தள் மட்டும் அப்படியே இருந்தது. பாவாடை ஓரம் முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து, வழியில் போடாமல், அந்தந்த ஓரத்திலேயே போடச் சொன்னேன்.

தரைப்பாலத்துக்கு வந்ததும் கிளம்பலாம் என்றாள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று உட்காரவைத்தேன். பாலத்தின் கிழக்கு முனையில், பொக்லைன் சுரண்டிய கரையின் தொடக்கத்தில், போன வருடம் ஒரு துத்திச் செடி எழுந்திருந்தது. இந்த வருடம் ஐந்து. அரச இலை மாதிரி, ஆனால் வெல்வெட்டுத் துணிபோல மெத்தென்ற இலை, சக்கரம் மாதிரி காய். காலையில் ஏழு மணிக்கு நாங்கள் அதைக் கடந்துதான் போனோம். ஒரு பூ கிடையாது, எல்லாம் மொட்டு. துத்தி வெயில் தாழ்ந்தால்தான் திறக்கும்.

பேரேட்டையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தேன். கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருவரும் காத்திருந்தோம். மூன்றே முக்காலுக்கு ஒரு மொட்டின் நுனியில் மஞ்சள் தெரிந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. இதழ் பிரிவதைப் பார்க்க முடியாது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் கொஞ்சம் விரிந்திருக்கும். அவள் எழுந்து போய்ச் செடி செடியாக எண்ணிவிட்டு வந்து எழுதினாள். என் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து, கொஞ்சம் சாய்ந்து: துத்தி, 3.55, பாலத்துக்குக் கிழக்கே, ஒன்பது. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியவள் ஒன்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டாள்.